கஸ்தோன் லொரான் கேர்தூ

கஸ்தோன் லொரான் கேர்தூ (டிசம்பர் 18, 1691 – சூன் 15, 1779) பிரான்சு நாட்டில் பிறந்து, இந்தியாவில் ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் வாழ்ந்து, புதுச்சேரியில் மறைந்த இயேசு சபைத் துறவி ஆவார். சமசுகிருதத்துக்கும் இலத்தீன், கிரேக்கம் ஆகிய மொழிகளுக்கும் இடையேயுள்ள உறவை வில்லியம் ஜோன்சுக்கு முன்பே ஆராய்ந்து எழுதியவர் என்ற வகையில் மொழியியல் வரலாற்றில் இவர் அறியப்படுகிறார். துணிகளில் வண்ண உருவங்களைப் பதிக்கும் சோழமண்டலக் கரைத் தொழில்நுட்பத்தைப் படிப்படியாக விளக்கி 1742 ஆம் ஆண்டில் இவர் எழுதிய மடல், துணி அச்சு வரலாற்றின் முதன்மையான ஆவணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. இன்று சட்டைகளிலும் பனியன்களிலும் செய்யப்படும் திரை அச்சு (ஸ்கிரீன் பிரிண்டிங்) முறைக்கு அடிப்படையான சில கருத்துகளை இம்மடலில் விளக்கப்பட்டுள்ள பழைய தொழிலிலும் காணலாம்.

பின்னணி

பழவேற்காடு, சென்னை, புதுச்சேரி, கடலூர், பரங்கிப்பேட்டை, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களைக் கொண்ட சோழமண்டலக் கரை, பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் உலகின் பெரும் துணி ஏற்றுமதிப் பகுதிகளுள் ஒன்றாக இருந்தது. விருத்தாசலம், கருவேப்பிலங்குறிச்சி முதலிய உள்நாட்டு ஊர்கள் இன்று அமைந்துள்ள கடலூர் மாவட்டத்தின் வழியே பாயும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலில் கலக்கிறது. பரங்கிப்பேட்டையில் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆகியோர் வணிகம் செய்தனர். ஆங்கிலேயர் 1690 ஆம் ஆண்டில் கடலூருக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கி, அதற்குப் புனித டேவிட் கோட்டை எனப் பெயரிட்டனர். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியைத் தம் தலைமையிடமாகக் கொண்டனர். இவ்வணிக நிறுவனங்கள் அனைத்தும் பெரிதும் நாடியது பருத்தித் துணியையே ஆகும்.

இத்துணிகளுள் வண்ணப் பூக்களும் கொடிகளும் தீட்டப்பட்டவை சீட்டித் துணிகள் எனப்பட்டன. இவற்றின் நிறம் எத்தனை முறை துவைத்தாலும் மங்குவதில்லை. அக்காலத்து ஐரோப்பியச் சாயக்காரர்கள் கம்பளிக்கும் பட்டுக்கும் நிறமேற்றுவதில் தேர்ந்திருந்தனர். ஆனால் பருத்தியில் நிலையான பல வண்ணங்களை உருவாக்கும் நுட்பத்தில் அவர்கள் இந்தியக் கைவினைஞருக்குப் பின்தங்கியே இருந்தனர்.

சீட்டித் துணிகளின் வரவால் தம் தொழில் நலிவதாக ஐரோப்பிய நெசவாளர்கள் முறையிட்டனர். இதன் விளைவாகப் பிரான்சு அரசு 1686 ஆம் ஆண்டில் இத்துணிகளின் இறக்குமதியையும், உள்நாட்டில் அவற்றைப் போலச் செய்வதையும் தடை செய்தது. இத்தடை 1759 ஆம் ஆண்டு வரை நீடித்தது. இங்கிலாந்தும் 1700 ஆம் ஆண்டில் இறக்குமதித் துணிகளுக்கும், 1721 ஆம் ஆண்டில் இவ்வகைத் துணிகளை அணிவதற்கும் தடை விதித்துச் சட்டங்களை இயற்றியது. தடை இருந்தபோதிலும் மக்கள் இவற்றை விரும்பி அணிந்தனர். கள்ளத்தனமான வணிகமும் நடைபெற்றது. எனவே இத்துணிகளை உருவாக்கும் முறையை அறிந்துகொள்வது பெரும் பொருளாதார மதிப்புடைய செயலாக இருந்தது.

இந்தியாவுக்கு வருகை

கேர்தூ, பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள பூர்ஜ் நகரில் பிறந்தார். இயேசு சபையில் சேர்ந்து துறவியான பின்னர், 1732 ஆம் ஆண்டில் சமயப் பணிக்காக இந்தியா வந்தார். பிரெஞ்சு இயேசு சபையினர் நடத்திய கர்நாடக மறைபரப்புப் பணி இவருக்கு ஒதுக்கப்பட்டது. இங்குக் கர்நாடகம் என்பது இன்றைய கர்நாடக மாநிலத்தைக் குறிப்பதன்று. புதுச்சேரிக்கு வடக்கிலும் வடமேற்கிலும் பரவியிருந்த தமிழ், தெலுங்கு பேசும் நிலப்பகுதிகளையே இது பெரும்பாலும் குறித்தது.

கேர்தூ தெலுங்குப் பகுதிகளில் பணியாற்றித் தெலுங்கு மொழியில் தேர்ச்சி பெற்றார். சமசுகிருதத்தையும் கற்றார். தெலுங்கு, பிரெஞ்சு, சமசுகிருதம் ஆகிய மூன்று மொழிகளையும் உள்ளடக்கிய அகராதி ஒன்றைத் தொகுத்தார். ழான் கால்மெத், ழான் பிரான்சுவா போன் முதலிய இயேசு சபையினரும் ஏறத்தாழ இதே காலத்தில் இந்திய நூல்களைப் பற்றிய செய்திகளை ஐரோப்பாவுக்கு அனுப்பி வந்தனர்.

1742 ஆம் ஆண்டு மடல்

இயேசு சபையினர் உலகின் பல பகுதிகளிலிருந்தும் எழுதிய மடல்கள் பாரிசு நகரில் தொகுக்கப்பட்டு, தொடர் வரிசையாக வெளியிடப்பட்டன. அக்காலத்தில் அதன் பதிப்பாசிரியராக இருந்தவர் து ஆல்ட் என்னும் துறவி ஆவார். கைத்தொழில்கள், மருந்துகள், மூலிகைகள் ஆகியவற்றைப் பற்றிய செய்திகளையும் மறைபரப்பாளர்கள் இவருக்கு எழுதி அனுப்பினர். இவருக்குக் கேர்தூ எழுதிய மடல் சனவரி 18, 1742 நாளிட்டது. இந்தியத் துணிகளில் வண்ண உருவங்கள் தீட்டப்படும் முறையே இதன் பொருளாகும். இம்மடல் 1743 ஆம் ஆண்டில் அச்சில் வெளிவந்தது.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், 1734 ஆம் ஆண்டு வாக்கில், போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி புதுச்சேரியில் இதே தொழிலைக் கவனித்துக் குறிப்பெழுதியிருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டி அவர் தம் குறிப்புடன் இணைத்திருந்தார். ஆயினும் அது கையெழுத்துப் படியாகவே இருந்தது. கேர்தூவின் மடலோ அச்சிடப்பட்டு எவரும் வாங்கிப் படிக்கக் கூடியதாக அமைந்தது.

கேர்தூ தமது செய்திகளைத் துணி ஓவியர்களிடமிருந்தே பெற்றார். கிறித்தவ சமயத்தைத் தழுவியவர்களுள் இத்தொழிலில் வல்லவர்கள் சிலர் இருந்தனர். அவர்களிடம் தனித்தனியே வினவி, ஒருவர் கூறியதை மற்றவர் கூறியதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். குடும்ப வழியில் கைமாறி வந்த தொழில்நுட்பத்தை ஓர் அயலவர் இவ்வளவு விரிவாக அறிய முடிந்ததற்கு, சமய குரு என்ற முறையில் அவர்மீது இருந்த நம்பிக்கையே காரணம் எனலாம். செய்தி தந்த கைவினைஞர்கள் வரலாற்றில் பெயரின்றியே நிற்கின்றனர்.

மடலில் விளக்கப்பட்டுள்ள தொழில் முறை

மடலில் கூறப்பட்டுள்ள செய்முறையின் முக்கியமான கட்டங்கள் பின்வருமாறு.

துணியைப் பதப்படுத்தல்: முதலில் துணி அரைகுறையாக வெளுக்கப்படும். பின்னர் கடுக்காய்ப் பொடியை எருமைப் பாலில் கலந்து, அதில் துணியை ஊறவைத்துப் பிழிந்து வெயிலில் உலர்த்துவர். கடுக்காயிலுள்ள துவர்ப்புப் பொருள் இழைகளில் ஏறுகிறது. பாலிலுள்ள கொழுப்பு, தீட்டப்படும் நீர்மம் கோட்டைத் தாண்டிப் பரவாமல் தடுக்கிறது. உலர்ந்த துணியை மரக்கட்டையால் அடித்து வழவழப்பாக்குவர்.

படம் பெயர்த்தல்: ஓவியர் முதலில் தாளில் படத்தை வரைந்து, அதன் கோடுகளின் மீது மெல்லிய ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவார். துளையிட்ட தாளைத் துணியின் மேல் விரித்து, கரித்தூள் கட்டிய சிறு பொதியை அதன்மீது ஒற்றித் தேய்ப்பார். துளைகளின் வழியே இறங்கும் கரித்தூள் துணியில் புள்ளிகளாகப் படிந்து, படத்தின் சாயலைத் தரும். ஒரே தாளைக் கொண்டு பல துணிகளில் ஒரே படத்தைப் பெயர்க்க முடியும்.

கருப்புக் கோடுகள்: இரும்புக் கழிவைப் புளித்த கஞ்சி போன்ற நீர்மத்தில் பல நாட்கள் ஊறவைத்துக் கிடைக்கும் இரும்புக் கரைசலைக் கொண்டு கருப்புக் கோடுகள் வரையப்படும். எழுதுகோலாகப் பயன்படுவது கூராகச் சீவிய மூங்கில் குச்சி. அதன் நுனிக்குச் சற்று மேலே மயிர் அல்லது கம்பளி இழை உருண்டையாகச் சுற்றப்பட்டிருக்கும். இவ்வுருண்டை நீர்மத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும். விரலால் மெல்ல அழுத்தும்போது நீர்மம் நுனிக்கு இறங்கும். இரும்புக் கரைசல் துணியில் ஏற்கெனவே ஏறியுள்ள கடுக்காய்த் துவர்ப்புடன் சேர்ந்து கருநிறம் பெறும்.

சிவப்பு: சிவப்பு நிறம் வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசல் தீட்டப்படும். படிகாரக் கரைசலுக்கு நிறமில்லை. ஆகவே தீட்டிய இடம் ஓவியரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, பதிமுக மரத்தின் சாயம் சிறிது அதில் சேர்க்கப்படும். பின்னர் முழுத் துணியையும் சாயவேர் இட்ட நீரில் கொதிக்க வைப்பர். படிகாரம் தீட்டிய இடங்களில் மட்டும் சிவப்பு நிலையாகப் பற்றும். மற்ற இடங்களில் ஏறிய மங்கலான நிறம் பிறகு வெளுக்கப்படும். எல்லாக் கிணற்று நீரும் இவ்வேலைக்கு உதவாது என்பதையும், ஒருவிதக் கடுஞ்சுவையுடைய நீரே ஏற்றது என்பதையும் கேர்தூ குறித்துள்ளார்.

நீலம்: நீலம் வேண்டாத இடங்கள் எல்லாவற்றையும் உருகிய மெழுகால் மூடுவர். மெழுகு பூசுவதற்கு இரும்பாலான எழுதுகோல் பயன்பட்டது. மெழுகிட்ட துணியை அவுரித் தொட்டியில் தோய்ப்பர். மெழுகு மூடாத பகுதிகளில் மட்டும் நீலம் ஏறும். அவுரித் தொட்டியைப் பேணுவது தனிப்பட்ட வேலையாதலால், நீலம் தோய்ப்பதை வேறு தொழிலாளர் செய்தனர். பின்னர் கொதிநீரில் இட்டு மெழுகை உருக்கி நீக்குவர்.

மஞ்சளும் பச்சையும்: கடுக்காய்ப் பூ எனப்படும் பொருள் முதலியவற்றிலிருந்து எடுக்கப்படும் மஞ்சள் இறுதியில் கையால் தீட்டப்படும். நீலத்தின் மீது மஞ்சளைத் தீட்டினால் பச்சை கிடைக்கும். மற்ற நிறங்களைப் போல மஞ்சள் நிலைத்து நிற்பதில்லை. பழைய சீட்டித் துணிகள் பலவற்றில் இன்று இலைகள் நீல நிறமாகக் காணப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

வெளுத்தல்: ஒவ்வொரு சாயமேற்றத்துக்குப் பின்னரும் துணி ஆட்டுச் சாணம் கலந்த நீரில் ஊறவைக்கப்பட்டு, துவைக்கப்பட்டு, வெயிலில் விரித்து அவ்வப்போது நீர் தெளிக்கப்படும். தீட்டாத இடங்கள் மீண்டும் வெண்மையாகும் வரை இது பல நாட்கள் தொடரும். ஒரு துணி முழுமை பெற வாரக்கணக்கில் காலம் பிடித்தது.

இம்மடலுக்குப் பின்னர் எழுதிய மற்றொரு மடலில், இதே தொழிலைக் குறித்துப் பியர் புவாவ்ர் என்பவர் எழுதியவற்றையும் கேர்தூ ஆராய்ந்து, தம் விளக்கத்தில் திருத்தங்களும் சேர்க்கைகளும் செய்தார்.

அறிவியல் அடிப்படை

சோழமண்டலத் துணி ஓவியத்தின் சிறப்பு, நிறம் துணியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளாமல் இழையோடு பிணைக்கப்படுவதில் உள்ளது. சாயவேரில் உள்ள நிறப்பொருள்களுள் முதன்மையானது அலிசரின் ஆகும். இது பருத்தி இழையைத் தானாகப் பற்றுவதில்லை. படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒருபுறம் இழையையும் மறுபுறம் சாயத்தையும் பற்றிக்கொண்டு இரண்டையும் இணைக்கிறது. இவ்வாறு இணைக்கும் பொருள் நிறமூன்றி எனப்படுகிறது. அலுமினியம் சிவப்பையும் இரும்பு கருமையையும் தருகின்றன. சுண்ணாம்புச் சத்து சேரும்போது அலிசரின் சிவப்பு மேலும் ஒளிபெறும். சில கிணற்று நீர் மட்டுமே ஏற்றது என்று கைவினைஞர்கள் கூறியதற்கு, நீரில் கரைந்துள்ள இத்தகைய உப்புகளே காரணமாகலாம்.

அவுரி இதற்கு மாறானது. அது நீரில் கரைவதில்லை. தொட்டியில் நொதிக்கச் செய்து கரையும் நிலைக்குக் கொண்டுவந்தால் அது இழைக்குள் நுழையும். துணியை வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள உயிர்வளியுடன் சேர்ந்து மீண்டும் கரையாத நீலமாகிவிடும். இதனால் நீலத்துக்கு நிறமூன்றி தேவையில்லை. ஆனால் தோய்த்த இடமெல்லாம் நீலம் பற்றும் என்பதால் மெழுகுத் தடுப்பு தேவைப்படுகிறது. கைவினைஞர்கள் வேதியியல் விளக்கமின்றியே, தலைமுறைகளின் பட்டறிவால் இவ்வேறுபாட்டை அறிந்து இரு நிறங்களுக்கும் இருவேறு வழிகளைக் கையாண்டனர்.

மடலின் விளைவுகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவில் துணி அச்சுத் தொழில் விரைவாக வளர்ந்தது. மியூலூசு நகரில் 1746 ஆம் ஆண்டில் இத்தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பிரான்சில் தடை நீங்கிய மறு ஆண்டான 1760 இல், ஒபர்காம்ஃப் என்பவர் பாரிசுக்கு அருகிலுள்ள ழூயி என்னும் ஊரில் தொடங்கிய தொழிற்சாலை பெரும்புகழ் பெற்றது. 1783 ஆம் ஆண்டில் தாமசு பெல் என்பவர் செதுக்கப்பட்ட செப்பு உருளைகளால் துணியில் அச்சிடும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். கையால் தீட்ட வாரக்கணக்கில் பிடித்த வேலை இத்தகைய பொறிகளால் மிக விரைவாக முடிந்தது.

இவ்வளர்ச்சி முழுவதற்கும் கேர்தூவின் மடலே காரணம் என்று கூற முடியாது. துருக்கி, பாரசீகம் முதலிய நாடுகளின் வழியாகவும் நிறமூன்றி பற்றிய அறிவு ஐரோப்பாவை அடைந்திருந்தது. சாயவேருக்கு மாற்றாக, அலிசரின் கொண்ட மற்றொரு வேர்ச்செடி ஐரோப்பாவிலேயே பயிரிடப்பட்டு வந்தது. மரக்கட்டை அச்சும் செப்புத்தகட்டு அச்சும் ஐரோப்பியர் அங்கேயே வளர்த்தவை. எனினும், அதுவரை செவிவழிச் செய்திகளாகவும் ஊகங்களாகவும் இருந்த இந்திய முறையை, வரிசை மாறாமல், பொருள்களின் உள்ளூர்ப் பெயர்களுடன் அச்சில் தந்தது இம்மடல். அவ்வகையில் இது ஐரோப்பியத் தொழில் முனைவோருக்கு உதவியது.

மறுபுறம், இந்தியத் துணி ஏற்றுமதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சரிந்தது. இங்கிலாந்தின் ஆலைத் துணிகள் இந்தியச் சந்தையிலேயே குவிந்தன. 1869 ஆம் ஆண்டளவில் செயற்கை அலிசரினும் 1897 ஆம் ஆண்டில் செயற்கை அவுரியும் விற்பனைக்குரிய பொருள்களாயின. இதனால் சாயவேர் தோண்டுதலும் அவுரிப் பயிரும் நலிந்தன. துணி ஓவியத் தொழில் காளத்தி, மசூலிப்பட்டினம் முதலிய சில இடங்களிலும், கோயில்களுக்கான சீலைகளைத் தீட்டும் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றிலும் மட்டுமே எஞ்சியது. தொழில் நலிந்த பின்னர் அதன் பழைய முறைகளை ஆராய முற்பட்டவர்களுக்கு, கேர்தூவின் மடலே நம்பத்தக்க சான்றுகளுள் ஒன்றாக அமைந்தது.

திரை அச்சுடன் ஒப்பீடு

இன்றைய திரை அச்சு முறையில், சட்டகத்தில் இழுத்துக் கட்டிய நுண்வலைத் துணியே திரையாகும். படத்துக்கு உரிய இடங்களைத் தவிர வலையின் மற்றக் கண்கள் அடைக்கப்படும். திரையின் மேல் மையை ஊற்றி இரப்பர் பட்டையால் வழித்தால், திறந்துள்ள கண்களின் வழியே மட்டும் மை இறங்கித் துணியில் படியும். மான்செசுட்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் 1907 ஆம் ஆண்டில் பட்டுத் திரையைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் பட்டுக்குப் பதிலாக நைலான், பாலியெசுட்டர் வலைகள் வந்தன. ஒளிபட்டால் இறுகும் பசையைத் திரையில் பூசி, படத்தை ஒளியின் துணையால் பதிக்கும் முறையும் பரவியது. திருப்பூரில் உருவாகும் பின்னலாடைகளில் எழுத்தும் படமும் பதிப்பதற்கு இம்முறை பெருமளவில் பயன்படுகிறது. விருத்தாசலம் போன்ற ஊர்களில் வளர்ந்த பீங்கான் தொழிலிலும், பாத்திரங்களில் ஒட்டிச் சுடப்படும் வண்ணப் படத்தாள்களை அச்சிட இம்முறை உதவுகிறது.

கேர்தூ விளக்கிய தொழிலுக்கும் திரை அச்சுக்கும் நேரடியான மரபுத் தொடர்ச்சி உண்டு என்று கொள்ள இயலாது. துளைத்தாள் முறை சீனா, சப்பான் முதலிய நாடுகளிலும் தனித்து வளர்ந்துள்ளது. ஆயினும் அடிப்படைக் கருத்துகளில் ஒற்றுமைகள் உள்ளன. ஊசித்துளையிட்ட தாளின் வழியே கரித்தூள் இறங்குவதும், வலைக்கண்களின் வழியே மை இறங்குவதும் ஒரே நெறியைச் சார்ந்தவை. வேண்டாத இடத்தை மெழுகால் மூடுவதும், வேண்டாத வலைக்கண்களைப் பசையால் அடைப்பதும் அவ்வாறே. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் செய்முறையை முன்கூட்டியே திட்டமிட வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொது. திரை அச்சில் ஒரு நிறத்துக்கு ஒரு திரை வேண்டும்.

முக்கியமான வேறுபாடு நிறம் நிற்கும் இடத்தில் உள்ளது. பனியன்களில் பொதுவாகப் பயன்படும் அச்சு மையில், நிறத்துகள்கள் ஒட்டும் பொருளின் துணையால் துணியின் மேற்பரப்பில் படலமாக நிற்கின்றன. வெப்பத்தால் சரிவர இறுகாத மை துவைக்கும்போது வெடித்து உதிரும். சீட்டித் துணியில் நிறம் இழைக்குள்ளேயே பிணைந்திருப்பதால் உதிர்வதற்குப் படலம் ஏதுமில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சோழமண்டலத் துணிகள் சிவப்பும் கருமையும் நீலமும் மங்காமல் ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் இன்றும் இருப்பதற்கு இதுவே காரணம்.

புதுச்சேரி வாழ்க்கை

கேர்தூவின் பிற்கால வாழ்க்கை போர்களும் சபைக்கு நேர்ந்த இடர்களும் நிறைந்ததாக இருந்தது. இந்தியச் சமூக வழக்கங்கள் சிலவற்றைக் கிறித்தவர்களிடையே அனுமதித்த இயேசு சபையினரின் முறையை, திருத்தந்தை பதினான்காம் ஆசிர்வாதப்பர் 1744 ஆம் ஆண்டில் கட்டுப்படுத்தினார். இதனால் உள்நாட்டு மறைபரப்புப் பணி தளர்ந்தது. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையே நடந்த கர்நாடகப் போர்கள் 1746 முதல் 1763 வரை இப்பகுதியை அலைக்கழித்தன. பிரெஞ்சுப் படையினர் 1758 ஆம் ஆண்டில் கடலூரையும் புனித டேவிட் கோட்டையையும் கைப்பற்றினர். ஆங்கிலேயர் 1761 ஆம் ஆண்டு சனவரியில் புதுச்சேரியைக் கைப்பற்றி நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763 ஆம் ஆண்டின் பாரிசு உடன்படிக்கைப்படி, 1765 இல் புதுச்சேரி பிரான்சிடம் திருப்பித் தரப்பட்டது.

மொழி ஒப்பீட்டு ஆய்வு

பாரிசிலிருந்த பார்த்தெலெமி என்ற அறிஞர், சமசுகிருத இலக்கணமும் அகராதியும் வேண்டிக் கேர்தூவுக்கு எழுதியிருந்தார். அதற்கு விடையாக 1767 ஆம் ஆண்டில் கேர்தூ ஓர் ஆய்வுரையை அனுப்பினார். சமசுகிருதத்தில் இலத்தீன், கிரேக்கச் சொற்களைப் போன்ற சொற்கள் இத்தனை காணப்படுவது எதனால் என்பதே அவர் எழுப்பிய வினா.

கொடை என்னும் பொருளுடைய தானம் என்ற சொல்லையும் இலத்தீன் தோனும் என்ற சொல்லையும், கைம்பெண்ணைக் குறிக்கும் விதவா என்ற சொல்லையும் இலத்தீன் விதுவா என்ற சொல்லையும் அவர் இணைத்துக் காட்டினார். சொற்களோடு நில்லாமல், இருத்தல் வினையின் வடிவங்களையும் இரு மொழிகளிலும் ஒப்பிட்டார். எண்ணுப்பெயர்களையும் ஆராய்ந்தார். வணிகத்தாலோ, சமயத் தொடர்பாலோ, படையெடுப்பாலோ இவ்வொற்றுமை ஏற்பட்டிருக்கலாமா என்று ஒவ்வொன்றாகச் சிந்தித்து, அவை போதிய விளக்கமாகா என விலக்கினார். இம்மொழிகளைப் பேசியவர்களின் முன்னோர் ஒரு பொது மூலத்திலிருந்து பிரிந்தவர்கள் என்பதே அவரது முடிவு. அம்முடிவை அவர் விவிலியத்தின் பாபேல் கோபுர வரலாற்றோடு பொருத்தி விளக்கினார். இவ்விளக்கம் பிற்கால மொழியியலால் ஏற்கப்படவில்லை. ஆயினும் இலக்கண வடிவங்களை ஒப்பிடும் அவரது வழிமுறை காலத்தால் முந்தியதாகும்.

இத்தகைய ஒற்றுமையை அவருக்கு முன்னரும் சிலர் கண்டுள்ளனர். இத்தாலிய வணிகர் பிலிப்போ சசெத்தி பதினாறாம் நூற்றாண்டிலும், தரங்கம்பாடி மறைபரப்பாளர் பெஞ்சமின் சூல்ட்சு 1725 ஆம் ஆண்டிலும் இதனைக் குறிப்பிட்டுள்ளனர். கேர்தூவின் ஆய்வுரை அவற்றைவிட விரிவானது. ஆனால் அது அப்போது அச்சேறவில்லை. கல்கத்தாவில் வில்லியம் ஜோன்சு இதே பொருளில் 1786 ஆம் ஆண்டில் ஆற்றிய உரை உலகப் புகழ்பெற்றது. கேர்தூவின் எழுத்துகளை ஆங்கெத்தில் துப்பெரோன் என்ற பிரெஞ்சு அறிஞர் பாதுகாத்து வைத்திருந்தார். அவை அச்சில் வெளிவந்தது 1808 ஆம் ஆண்டிலாகும். அப்போது கேர்தூ மறைந்து 29 ஆண்டுகள் கடந்திருந்தன.

பெயர் மறைந்த நூல்

கேர்தூ இந்திய மக்களின் வாழ்க்கை முறைகளையும் வழக்கங்களையும் பற்றி விரிவான நூல் ஒன்றையும் எழுதியிருந்தார். அதன் மூலப்படி கிடைக்கவில்லை. தெவோ என்ற பிரெஞ்சுப் பீரங்கிப்படை அதிகாரி 1777 ஆம் ஆண்டில் அதனைச் சீரமைத்து எழுதிய படி ஒன்று மட்டும் எஞ்சியது.

துபுவா என்ற பிரெஞ்சுத் துறவி இந்துக்களின் பழக்கவழக்கங்களைப் பற்றிய கையெழுத்துப்படி ஒன்றைத் தம் பெயரில் ஆங்கிலேயரிடம் அளித்தார். சென்னை ஆளுநராக இருந்த வில்லியம் பெண்டிங்கின் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பனி அதனை விலைக்குப் பெற்றது. 1816 ஆம் ஆண்டில் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. பின்னர் துபுவா பெரிதும் விரித்துத் திருத்திய பதிப்புகள் வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் தென்னிந்தியச் சமூகத்தை அறிய விரும்பிய ஆங்கில அலுவலர்கள் இந்நூலைப் பெரிதும் நம்பினர்.

பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா மூர், தெவோவின் படியை ஆராய்ந்து 1987 ஆம் ஆண்டில் வெளியிட்டார். துபுவா நூலின் பெரும்பகுதி கேர்தூவின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை அவர் நிறுவினார். இவ்வாறு, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக மற்றொருவர் பெயரில் வழங்கிய நூலின் மூல ஆசிரியர் யார் என்பது தெரியவந்தது.

இறுதிக் காலம்

பிரான்சு அரசு 1764 ஆம் ஆண்டில் இயேசு சபையைத் தன் நாட்டில் தடை செய்தது. திருத்தந்தை பதினான்காம் கிளமெண்டு 1773 ஆம் ஆண்டில் சபை முழுவதையும் கலைத்தார். புதுச்சேரி மறைபரப்புப் பணியின் பொறுப்பு பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையிடம் சென்றது. முன்னாள் இயேசு சபையினர் சிலர் அங்கேயே தொடர்ந்து வாழ்ந்தனர். கேர்தூவும் தாயகம் திரும்பவில்லை. 1778 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் மீண்டும் புதுச்சேரியை முற்றுகையிட்டுக் கைப்பற்றினர். அடுத்த ஆண்டில், தமது 87 ஆம் வயதில் கேர்தூ காலமானார்.

மதிப்பீடு

கேர்தூவின் மொழியாய்வு காலந்தாழ்ந்து அச்சேறியதால் உரிய காலத்தில் பயன்படவில்லை. சமூகம் பற்றிய அவரது நூல் வேறொருவர் பெயரில் புகழ்பெற்றது. அவர் பெயரிலேயே உரிய காலத்தில் அச்சிடப்பட்டுப் பரவியது, பிறருடைய தொழிலறிவைப் பதிவு செய்த துணி ஓவிய மடலாகும்.

அம்மடலைத் தொழில் இரகசியத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுசென்ற செயலாகக் கருதுவோரும், அழிந்திருக்கக் கூடிய அறிவைக் காத்த செயலாகக் கருதுவோரும் உளர். இரண்டு கருத்துகளுக்கும் இடமுண்டு. எழுதியவரின் உரிமையை வரலாற்றாய்வு 1987 ஆம் ஆண்டில் மீட்டுத் தந்தது. கடுக்காயும் சாயவேரும் அவுரியும் கொண்டு அவருக்குத் தொழிலை விளக்கிய ஓவியர்களின் பெயர்களை அவ்வாறு மீட்பதற்கு வழியில்லை. அவர்கள் கைவண்ணத்துக்குச் சான்றாக இன்று எஞ்சியிருப்பவை அம்மடலும், அருங்காட்சியகங்களிலுள்ள துணிகளுமே ஆகும்.